ஊதாப் பூவுக்கு ஒரு மூலை

ஏப்ரல் பிறந்துவிட்டால் அமெரிக்காவிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே செடியைப் பற்றித்தான். இதய வடிவ இலை, தரையை ஒட்டி ஊதாப் பூ, யாரும் நடாமலே வந்து அமர்ந்துவிட்ட காட்டு வயலட். சேர்ந்துபோன கேள்விகளுக்கு இந்த முறை மொத்தமாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, போன வருஷம்தான் வீடு வாங்கினோம். புல்தரையில் பாதி இந்த ஊதாப் பூதான். பக்கத்து வீட்டுக்காரர் "களை, உடனே எடுங்கள்" என்கிறார். என் மகள் "பூ, தொடாதீர்கள்" என்கிறாள். யார் சொல்வது சரி?
(வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: மகள். பக்கத்து வீட்டுக்காரர் களை என்று சொல்லும் இந்தப் பூவைத்தான் உங்கள் மாநிலம் 1971-ல் சட்டம் போட்டு மாநில மலராக வைத்திருக்கிறது. இல்லினாய், விஸ்கான்சின், ரோட் ஐலண்ட் மாநிலங்களுக்கும் வயலட்தான் மாநில மலர். இல்லினாயில் 1908-லேயே சட்டமாகிவிட்டது, அதுவும் பள்ளிப் பிள்ளைகள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பூ. இந்த வழக்கில் பிள்ளைகளின் தீர்ப்பு நூறு வருஷத்துக்கு மேலாக நிலைத்து நிற்கிறது.

இன்னொன்றும் சொல்லுங்கள் அவரிடம். மூட்டை மூட்டையாக வாங்கி விதைக்கிறோமே கென்டக்கி புளூகிராஸ், அது பெயரில்தான் கென்டக்கி. ஐரோப்பியக் குடியேறிகளோடு கப்பலேறி வந்த புல். வயலட்டோ வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் அவர்கள் வருவதற்கு முன்பிருந்தே பூத்துக்கொண்டிருந்த செடி. யார் இடத்தில் யார் முளைத்திருக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தால் புல்லுக்குப் பட்டா கிடைக்காது.

கேள்வி: பூ உதிர்ந்த பிறகு எது வயலட், எது வேறு செடி என்று தெரியவில்லை. தெரியாமல் வேறு எதையாவது வளர்த்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
(வாசகி, நேப்பர்வில், இல்லினாய்)

பதில்: பயம் நியாயமானது. இதய வடிவ இலையோடு தரையில் படரும் இன்னொரு செடி இருக்கிறது: லெஸ்ஸர் செலண்டைன். ஐரோப்பாவிலிருந்து வந்து ஆற்றங்கரைகளையே பாய்போல் மூடிவிடும் ஆக்கிரமிப்புச் செடி. பச்சையாகத் தின்றால் நஞ்சு. அதன் இலை மெழுகு பூசியதுபோல் பளபளக்கும், பூ பளிச்சென்ற மஞ்சள், தோண்டினால் வேரில் குட்டிக் குட்டிக் கிழங்குகள் கொத்தாகத் தொங்கும். கோடை தொடங்கும்போது மண்ணுக்கு மேல் அதன் சுவடே இருக்காது.

வயலட் இலையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், மழுங்கிய சிறு பற்கள் விரலில் தட்டும். இளம் இலை இரண்டு ஓரமும் உள்பக்கம் சுருண்டு, விரிக்காத வெற்றிலைச் சுருள்போல மேலே வரும். ஒவ்வோர் இலையும் தரையிலிருந்தே தனிக் காம்பில் எழும்பும். மண்ணைக் கொஞ்சம் விலக்கினால் இஞ்சியின் குட்டித் தம்பி மாதிரி கணுக்கணுவான தண்டு ஒன்று படுத்திருக்கும். இதெல்லாம் ஒத்துப்போனால் அது வயலட்தான். பூக்கிற காலத்தில் சந்தேகமே வராது: மேலே இரண்டு இதழ், பக்கங்களில் இரண்டு, கீழே ஒன்று. பக்க இதழ்களின் அடியில் வெள்ளைத் தாடி. கீழ் இதழில் தேனீக்கு வழி காட்டும் கருங்கோடுகள். அந்த இதழின் பின்னால் ஒரு சின்னப் பை, தேன் அதற்குள்.

கேள்வி: பட்டாம்பூச்சிக்காக மில்க்வீட் நட்டாயிற்று, கோன்பிளவர் நட்டாயிற்று. இதற்கு மேல் வயலட்டும் வேண்டுமா?
(வாசகர், ஆன் ஆர்பர், மிச்சிகன்)

பதில்: வேண்டும். இந்த இதழில் நான் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுதலாம் என்று ஆசிரியர் சொல்லியிருந்தால் உங்கள் கேள்வியைத்தான் எடுத்திருப்பேன்.

ஊரில் கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு பார்த்திருப்பீர்கள். அம்மா அதை எடுத்துத் தூர எறிந்ததும் நினைவிருக்கும். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு தோட்டத்தைச் சுற்றும் பெரிய பட்டாம்பூச்சியின் பிள்ளை அது. சுற்றிலும் ஆயிரம் செடி இருந்தாலும் அந்தப் புழுவுக்குக் கறிவேப்பிலையும் அதன் உறவான எலுமிச்சை வகைகளும்தான் சோறு. பட்டாம்பூச்சி எந்தப் பூவிலும் தேன் குடிக்கும், பிள்ளை பெற மட்டும் தன் செடியைத் தேடித்தான் போகும்.

அமெரிக்காவில் ஃப்ரிட்டிலரி என்றொரு பட்டாம்பூச்சிக் கூட்டம் இருக்கிறது. ஆரஞ்சு இறக்கை, கறுப்புப் புள்ளிகள். இறக்கையை மூடினால் அடியில் வெள்ளிக்காசு பதித்ததுபோல் மின்னும். உங்கள் மிச்சிகனில் பறப்பது பெரும்பாலும் கிரேட் ஸ்பாங்கிள்ட் ஃப்ரிட்டிலரி. இதன் புழு தின்பது வயலட் இலை, வயலட் இலை மட்டும். உங்கள் கோன்பிளவரிலும் மில்க்வீடிலும் அது வந்து தேன் குடிக்கும், குடித்துவிட்டுப் போய்விடும். இலை இருக்கிற வீட்டில்தான் முட்டை வைக்கும்.

வைக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். தாய்ப் பூச்சி ஜூனிலேயே பறக்கத் தொடங்கினாலும் முட்டையிடுவது கோடை முடியும்போதுதான். அப்போது வயலட் வாடிக் கிடக்கும். ஆனாலும் இடம் கண்டுபிடித்து, செடியின் அருகில் சருகிலும் குச்சியிலும் முட்டையிட்டுவிட்டுப் போகும். இலையுதிர் காலத்தில் பொரிந்து வரும் புழு ஒரு கடி இலைகூடத் தின்னாமல், எறும்பைவிடச் சிறிய உடம்போடு, சருகுக்கு அடியில் பனிக்காலம் முழுவதும் பட்டினி கிடக்கும். ஏப்ரலில் முதல் வயலட் இலை துளிர்க்கும்போதுதான் அதன் வாழ்க்கையின் முதல் உணவு. அதுவும் இரவில் வந்து தின்றுவிட்டுப் பகலில் ஒளிந்துகொள்ளும், நம் கண்ணில் படுவது அபூர்வம்.

இதே குடும்பத்தில் ரீகல் ஃப்ரிட்டிலரி என்று ஒன்று. ஒரு காலத்தில் நியூ இங்கிலாந்து வரை பறந்தது. இன்று கிழக்குப் பகுதியில் அதற்கு மிஞ்சியிருப்பது பென்சில்வேனியாவில் ஃபோர்ட் இண்டியன்டவுன் கேப் என்ற ராணுவப் பயிற்சி மைதானம் ஒன்றுதான். டாங்கி ஓடுவதாலும் அவ்வப்போது தீப்பற்றுவதாலும் அங்கே மரம் மூடாமல் புல்வெளி திறந்தே இருக்கிறது, புல்வெளியில் வயலட் இருக்கிறது, ஆகவே பூச்சியும் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை இந்தக் கிழக்குத் துணையினத்தை அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்க்க முன்மொழிந்தது. அதற்குப் பெரிய புல்வெளி வேண்டும், நம் வீட்டுக் கொல்லை போதாது. கிரேட் ஸ்பாங்கிள்டுக்குப் போதும். அது இன்னும் தாராளமாக இருக்கும்போதே இலையைப் போட்டுவைப்போம்.

கேள்வி: ஒரு செடி இருந்தது. இரண்டு வருஷத்தில் நாற்பது. பூவைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டேன், அப்படியும் விதை எங்கிருந்து வருகிறது?
(வாசகி, மிசிசாகா, கனடா)

பதில்: நீங்கள் கிள்ளாத பூவிலிருந்து. ஏனென்றால் அது பூ மாதிரியே இருக்காது.

வசந்தத்தில் நாம் பார்க்கும் ஊதாப் பூ தேனீக்களுக்காக. வெயில் ஏறி, மரங்கள் தழைத்து நிழல் விழுந்த பிறகு வயலட் இன்னொரு வகைப் பூவை விடும். இலைக்கு அடியில், மண்ணை ஒட்டி, சில சமயம் சருகுக்குள்ளேயே ஒரு பச்சை மொட்டு. அதில் நிறம், மணம், தேன் எதுவும் கிடையாது. அது விரிவதே இல்லை. மூடிய மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தத்தைத் தானே ஏற்று விதையாகிவிடும். வயலட்டின் விதையில் பெரும்பங்கு இந்த மொட்டிலிருந்து வருவதுதான். சார்லஸ் டார்வின் இந்த மூடிய பூக்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, 1877-ல் வெளியிட்ட புத்தகத்தில் இவற்றுக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். மழை வந்து தேனீ வரவில்லையா, குளிர் அடித்து முதல் பூக்கள் கருகினவா, கவலையில்லை. திறந்த கடை ஒன்று, மூடிய களஞ்சியம் ஒன்று என்று இரண்டையும் நடத்துகிற செடி இது.

அடுத்தது பயணம். காய் முற்றியதும் தலை நிமிர்ந்து மூன்று படகாகப் பிளக்கும். படகின் ஓரங்கள் காய்ந்து இறுக இறுக, ஈரப் புளியங்கொட்டையை இரு விரலால் அழுத்தினால் எப்படித் தெறிக்குமோ அப்படி ஒவ்வொரு விதையாகச் சில அடி தூரம் தெறிக்கும். அங்கிருந்து எறும்பு எடுத்துக்கொள்ளும். ஆமணக்கு விதையின் மூக்கில் வெள்ளையாக ஒரு சதை இருக்குமே, அதுபோல வயலட் விதையிலும் கொழுப்புச் சத்துள்ள ஒரு சிறு சதை உண்டு. எறும்பு விதையைப் புற்றுக்குத் தூக்கிப்போய்ச் சதையை மட்டும் தின்றுவிட்டு, கொட்டையைக் குப்பைமேட்டில் போட்டுவிடும். எறும்பின் குப்பைமேடு நல்ல மண். நாற்பது செடியும் அப்படி வந்தவைதான்.

வேண்டாத இடத்தில் இருந்தால் ஜூலை, ஆகஸ்டில் செடியின் அடியைத் துழாவி அந்தப் பச்சை மொட்டுகளை எடுத்துவிடுங்கள். மேல்பூவை மட்டும் விட்டுவையுங்கள், அதை நம்பி ஒரு தேனீ இருக்கிறது. மண்ணில் வளை தோண்டி வாழும் ஆண்ட்ரீனா வயோலே என்ற காட்டுத் தேனீ, வயலட் பூவுக்கென்றே வருவது.

கேள்வி: களைக்கொல்லி அடித்தும் சாகவில்லை. இதைவிடக் கடுமையானது எது?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: அதைவிடக் கடுமையானது கடையில் இருக்கிறது, நான் பெயர் எழுத மாட்டேன். சாதாரணப் புல்தரை மருந்து வயலட் இலையில் நிற்காமல் வழிந்துவிடும், தப்பியது தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதனால் அளவைக் கூட்டுவார்கள், திரும்ப அடிப்பார்கள். போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு மருந்தடிக்க வந்தவர்கள் வேலிக்கு இந்தப் பக்கமும் சேர்த்து அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்தில் என் வயலட் வரிசை முறுக்கிக்கொண்டு மஞ்சளானது. அந்தக் கோடையில் அந்த மூலையில் ஒரு ஆரஞ்சு இறக்கையைக்கூட நான் பார்க்கவில்லை. மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது கைக்களைக்கொத்தியால் தண்டோடு கிளறி எடுங்கள். எடுத்ததை எறியாமல் மரத்தடியில் நட்டுவிடுங்கள். மருந்துக் காசு மிச்சம், செடியும் மிச்சம்.

கேள்வி: வயலட் என்றால் வாசனை என்று கதைகளில் படித்திருக்கிறேன். என் தோட்டத்து வயலட்டில் மூக்கை வைத்தால் புல் வாசனைதான் வருகிறது. ஏமாற்றமா?
(வாசகி, பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி)

பதில்: நீங்கள் படித்தது ஐரோப்பாவின் வயலட்டை. உங்களிடம் இருப்பது வேறு வகை, அதற்கு மணம் கிடையாது என்றே சொல்லலாம். ஐரோப்பிய மணவயலட் குளிர் முழுதாக விலகுவதற்கு முன்பே பூக்கும், தண்டு தரைமேல் ஓடி ஓடி வேர் விடும். பிரான்சில் துலூஸ் நகரம் அதன் பூவைச் சர்க்கரையில் தோய்த்து மிட்டாயாக்கியே பெயர் வாங்கியது. டூரெட்-சுர்-லூ என்ற மலைக்கிராமத்தில் இன்னமும் பயிர் செய்கிறார்கள், இப்போது பெரும்பாலும் வாசனைத் திரவியத்துக்கு இலை எடுப்பதற்காக.

அந்த மணத்தில் ஒரு வித்தை உண்டு. முதல் முறை முகர்ந்தால் வரும், அடுத்த மூச்சில் காணாமல் போகும், சற்றுப் பொறுத்து மறுபடி வரும். பூ மணத்தை நிறுத்திக்கொள்வதில்லை. அயனோன் என்ற பொருள் நம் மூக்கின் உணர்வைச் சிறிது நேரத்துக்கு மழுங்கடித்துவிடுகிறது. 1893-ல் டீமான், க்ரூகர் என்ற இரு வேதியியலாளர்கள் இந்த அயனோனைச் செயற்கையாகச் செய்து காட்டினார்கள். அதன் பிறகுதான் வயலட் மணம் எல்லார் வீட்டுச் சோப்புக்கும் பவுடருக்கும் வந்து சேர்ந்தது.

கேள்வி: சாப்பிடலாமாமே? மாமியார் கீரை என்று நினைத்துப் பறித்துக் கூட்டு வைத்துவிட்டார்கள். எல்லாரும் சாப்பிட்டாயிற்று.
(வாசகி, டிராய், மிச்சிகன்)

பதில்: மாமியாருக்கு என் வணக்கம். வயலட்டாக இருந்தால் கவலை இல்லை. ஊதா வயலட்டின் இலையும் பூவும் உண்ணத் தக்கவை. இளம் இலையில் வைட்டமின் சி ஏராளம். வெந்தால் பசலைக் கீரைபோலக் கொஞ்சம் வழவழப்பு வரும், பாசிப்பருப்புக் கூட்டுக்கு அது பொருத்தம். முற்றிய இலை நார். கிழங்குத் தண்டையும் விதையையும் தொட வேண்டாம், வாந்தி வரும். மஞ்சள் பூ வகைகளின் இலை வயிற்றைப் போக்கக்கூடும், ஆகவே ஊதாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மருந்தடித்த புல்தரை, நாய் நடக்கும் பாதையோரம், சாலையோரம், இந்த மூன்றிலும் பறிக்காதீர்கள். அடுத்த முறை பறிப்பதற்கு முன் மேலே நேப்பர்வில் வாசகிக்கு எழுதிய பதிலை மாமியாருக்கு ஒரு தடவை படித்துக் காட்டுங்கள்.

பூவை வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சர்பத் செய்யலாம். ஒரு கப் பூவுக்கு ஒரு கப் கொதிநீர் ஊற்றி இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் வடிகட்டினால் நல்ல நீலம். சர்க்கரை சேர்த்து இளஞ்சூட்டில் கரைத்து, ஆறியபின் எலுமிச்சை இரண்டு சொட்டு. நீலம் கண்ணெதிரே இளஞ்சிவப்பாகும். சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்தால் நடப்பதும் இதே வேலைதான். பூவின் நிறப்பொருள் புளிப்பைக் கண்டதும் நிறம் மாறும்.

யுனானி வைத்தியர்கள் இருமலுக்கும் சளிக்கும் கொடுக்கும் பனஃப்ஷா என்பதும் வயலட்தான், இமயமலைப் பக்கத்திலிருந்து வரும் மணவயலட்டும் அதன் உறவுகளும்.

கேள்வி: எங்கள் ஆபீஸ் ஜன்னலில் ஆப்பிரிக்க வயலட் வைத்திருக்கிறேன். அதைத் தோட்டத்தில் நட்டால் பட்டாம்பூச்சி வருமா?
(வாசகர், டாலஸ்)

பதில்: வராது. அது வயலட்டே இல்லை. 1892-ல் செயின்ட் பால்-இலைர் என்ற ஜெர்மன் அதிகாரி இன்றைய தான்சானியாவின் மலைகளில் கண்டெடுத்த வேறொரு குடும்பத்துச் செடி, பூ நிறத்துக்காக அந்தப் பெயர். ஜன்னலிலேயே சுகமாக இருக்கட்டும், சாப்பிடவும் வேண்டாம். ஊட்டி மலர்க் கண்காட்சியில் முகம் வரைந்ததுபோல் இருக்குமே பான்சி, அதுதான் உண்மையான சொந்தக்காரி.

கேள்வி: எங்களிடம் ஒரு வயலட்கூட இல்லை. எங்கே வாங்குவது, எப்படி நடுவது? முதலிலிருந்து சொல்லுங்கள்.
(வாசகி, மேடிசன், விஸ்கான்சின்)

பதில்: முதலில் தெருவில் விசாரியுங்கள். ஒருவர் பிடுங்கி எறியப் பார்ப்பதை இன்னொருவர் காசு கொடுத்து வாங்கும் செடி இது. கேட்டால் வாளி நிறையத் தருவார்கள். இல்லையென்றால் உள்நாட்டுச் செடிகள் விற்கும் நர்சரிகளில் வயோலா சொரோரியா என்ற பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பூங்காவிலிருந்தும் காட்டிலிருந்தும் பிடுங்க வேண்டாம்.

இடம்: பகலில் பாதி நேரம் நிழல். இலை உதிர்க்கும் மரத்தடி மிகவும் பிடிக்கும், ஏனென்றால் வசந்தத்தில் மரம் மொட்டையாக இருக்கும்போது வெயில், கோடையில் நிழல், இரண்டும் கிடைக்கிறது. மண் ஈரம் காக்க வேண்டும், இலைமக்கு நிறைய வேண்டும். களிமண்ணிலும் பிழைக்கும். காலம்: வசந்தத் தொடக்கம் அல்லது செப்டம்பர். தண்டை ஒரு துளிரும் கொஞ்சம் வேரும் இருக்கும்படி உடைத்து, தண்டின் முதுகு மண் மட்டத்தில் தெரிகிற ஆழத்துக்குப் படுக்கவைத்து, அரையடிக்கு ஒன்றாக நடுங்கள். ஆழமாகப் புதைத்தால் அழுகும். முதல் கோடையில் தண்ணீர் விட மறக்காதீர்கள், மறு வருஷத்திலிருந்து அதுவே பார்த்துக்கொள்ளும். உரம் தேவையில்லை, போட்டால் இலைதான் பெருக்கும்.

விதை என்றால் இலையுதிர் காலத்தில் தொட்டியில் தூவி, லேசாக மண் மூடி, வெளியிலேயே பனியில் விட்டுவிடுங்கள். குளிர் பட்டால்தான் விதை விழிக்கும். வீட்டுக்குள் கதகதப்பாக வைத்துப் பார்த்துக்கொண்டால் முளைக்காமல் ஏமாற்றும்.

பக்கத்தில் ஃபெர்ன் நடலாம், ஹோஸ்டா நடலாம். சின்னஞ்சிறு காட்டுப்பூக்களை நெருக்கமாக நடாதீர்கள், வயலட் அவற்றை மூடிவிடும். காய்கறிப் பாத்தியிலும் விடாதீர்கள். இந்தச் செடியிடம் எனக்கு எவ்வளவு அன்போ அவ்வளவு உறுதியாகச் சொல்வேன்: அதற்கு எல்லை போட்டுத்தான் வளர்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் மண் மணல். நல்ல வெயில். ஈரம் நிற்காது. வயலட் ஆசையை விட்டுவிடவா?
(வாசகர், தெற்கு நியூ ஜெர்சி)

பதில்: விடாதீர்கள், உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. பறவைக்கால் வயலட், வயோலா பெடாட்டா. இலை கோழிக்காலைப்போலப் பிரிந்திருக்கும், பூ மற்றவற்றைவிடப் பெரிது. மணல், வெயில், வறட்சி மூன்றும்தான் அதன் தேவை. நல்ல ஈர மண்ணில் நட்டால் செத்துவிடும். மூடிய பூ விடாத வயலட் அது, அதனால் பரவித் தொல்லை தராது.

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரப்பில் இதே மாதிரி ஒரு செடி பார்த்தேன். பூ சின்னது, வெளிர் ஊதா. அமெரிக்காவிலிருந்து வந்ததா?
(வாசகர், கோத்தகிரி)

பதில்: வரவில்லை ஐயா, அது உங்கள் மலையின் சொந்தப் பிள்ளை. நீலகிரியிலும் பழனி மலையிலும் இயற்கையாக வளரும் வயலட் வகைகள் உண்டு. இலை இதய வடிவமாக, மென்முடியோடு இருந்தால் வயோலா பைலோசாவாக இருக்கலாம். இலை ஈட்டிபோல் நீண்டிருந்தால் வயோலா பெட்டோனிசிஃபோலியா. சோலை ஓரங்களிலும் மலைப் புல்வெளிகளிலும் ஈரக் கரைகளிலும் இருப்பவை.

அமெரிக்காவில் ஃப்ரிட்டிலரி என்று மேலே எழுதினேனே, அந்த உறவுமுறை உங்கள் மலையிலும் அப்படியே இருக்கிறது. நீலகிரி ஃப்ரிட்டிலரி என்று ஓர் ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி. உலகத்திலேயே நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உச்சிகளில் மட்டும் பறப்பது. அதன் புழுவும் வயலட் இலையைத்தான் தின்கிறது. தேயிலையும் கற்பூர மரமும் சீகை மரமும் புல்வெளியை விழுங்கியதில் அந்தச் செடியும் பூச்சியும் சேர்ந்தே சுருங்கின. உங்கள் வரப்பில் அது தானாக வந்திருக்கிறது என்றால் பெரிய பேறு. வரப்பில் மருந்தடிக்கும்போது அந்த இரண்டு முழத்தை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். காட்டிலிருந்து கொண்டுவந்து கூட்ட வேண்டாம், வனத்துறை நிலத்தில் செடி எடுப்பது குற்றம். இருப்பதைப் பிரித்து நட்டாலே பெருகும். அமெரிக்க வயலட் விதையை அங்கே கொண்டுபோகவும் வேண்டாம். பரவுகிற செடியை அயல் மலையில் விட்டால் என்ன ஆகும் என்று சீகை மரம் ஏற்கெனவே காட்டிவிட்டது.

கேள்வி: சென்னை மாடித் தோட்டத்தில் வயலட் வருமா? இணையத்தில் விதை விற்கிறார்கள்.
(வாசகி, குரோம்பேட்டை)

பதில்: வராது, வாங்காதீர்கள். குளிர் படாமல் விதை விழிக்காது என்றேன், சென்னையில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? வெளிநாட்டு விதை என்றால் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் இந்தியாவுக்குள் வரக் கூடாது என்பது வேறு.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. வயலட் குடும்பத்துச் செடி ஒன்று நம் சமவெளியிலேயே, நம் வெயிலிலேயே வளர்கிறது, பெயரும் தமிழிலேயே இருக்கிறது: ஓரிதழ் தாமரை. சித்த வைத்தியத்தில் பேர்பெற்ற அதே மூலிகைதான். ஐந்து இதழில் நான்கு கடுகளவாய்ச் சுருங்க, ஒன்று மட்டும் இளம் ஊதாவில் விசிறிபோல் விரிந்திருக்கும், அதனால்தான் இந்தப் பெயர். மழை பெய்தால் தரிசிலும் வயலோரத்திலும் முளைக்கும். மருந்துக்காக வேரோடு பிடுங்கிப் பிடுங்கி ஊர்ப்புறங்களில் அருகி வருகிறது. முற்றிய காயை எடுத்துவந்து, மணல் கலந்த செம்மண் தொட்டியில் தூவுங்கள். நிறைய வெயில், கொஞ்சம் தண்ணீர். உங்கள் மாடியில் பூத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு. வயலட் பூவைப் பறித்தால் செடிக்கு வலிக்குமா, விதை இல்லாமல் போகுமா?
(குட்டி வாசகி, பிளேன்ஸ்பரோ, நியூ ஜெர்சி)

பதில்: கண்ணம்மா, ஒரு பிடி பறித்துக்கொள். செடி கோடையில் இலைக்கு அடியில் வேறு மொட்டு வைத்து விதை பண்ணிக்கொள்ளும். ஜூலையில் மண்டியிட்டுத் தேடினால் உனக்கும் கிடைக்கும். மிச்சப் பூவைத் தேனீக்கு விட்டுவிடு.

பறித்த பூவை வைத்து ஒரு விளையாட்டு. பூவின் கழுத்து கொக்கிபோல் வளைந்திருக்கும். நீ ஒன்று, உன் தோழி ஒன்று, கொக்கியைக் கொக்கியில் மாட்டி இழுங்கள். யார் பூவின் தலை விழுகிறதோ அவர் தோற்றார். அமெரிக்கப் பிள்ளைகள் இதைச் சேவல் சண்டை என்பார்கள். உன் அப்பாவைக் கேள், ஊரில் குல்மோகர் பூவின் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் நரம்பைப் பிடுங்கி அவரும் இதே சண்டை போட்டிருப்பார். எங்களுக்கும் அது கோழிச் சண்டைதான்.

கேள்வி: வேலைக்குப் போய்வரும் எங்களுக்குத் தோட்டம் செய்ய நேரமே இல்லை. வயலட் தானாக வந்து கிடக்கிறது. அதற்காக நாங்கள் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?
(தம்பதி, எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: ஒன்று செய்யாமல் இருக்க வேண்டும். அக்டோபரில் இலை ஊதும் இயந்திரத்தைக் கொண்டு எல்லாச் சருகையும் ஒரே நாளில் ஊதி, பையில் கட்டித் தெருவில் வைக்கிறோம். ஃப்ரிட்டிலரிப் புழு அந்தச் சருகில்தான் அப்போது பிறந்து படுத்திருக்கிறது. பையோடு அதுவும் போய்விடுகிறது. வாசற்பக்கம் எப்படி வேண்டுமானாலும் வாருங்கள். வயலட் இருக்கும் மூலையில் மட்டும், ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு, விழுந்த இலையை விழுந்தபடியே விட்டுவிடுங்கள். ஏப்ரல் கடைசிவரை அங்கே கிளறவும் வேண்டாம்.